அடைப்பு வாரம்

மாந்துவா, 24 நவம்பர் 1986

துயீலியோ,

மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது போதும்.

நீ நான்கு முறை தொலைபேசியில் அழைத்தாய் என்று லிதியா சொன்னாள். நான் வீட்டில்தான் இருந்தேன். தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அவர் வெளியே போயிருக்கார்" என்று அவள் உன்னிடம் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் குரல் எனக்கு வேண்டாம். உன் குரலில் எதைக் கேட்டாலும் சரி என்று தோன்றிவிடும். கஸ்தெல்வார்னோ ஊர் முழுக்க அந்த நோய் பிடித்திருக்கிறது. எழுது. எழுத்தில் நீ அவ்வளவு நல்லவனாக இருக்க முடியாது.

நவம்பர் இரண்டாம் தேதியை நீ இதற்குள் மறக்கத் தொடங்கியிருப்பாய், அதனால் சொல்கிறேன். சொந்த மைதானம், 0–4. முதல் கோல் விழுந்தபோது இவானோ தன் ஆளை விட்டுவிட்டு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது கோலின்போது எதிராளியை ஆஃப்சைடில் சிக்க வைக்க நம் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒரே கணத்தில் முன்னே நகர்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்காக இரண்டு வருடம் நால்வரின் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிப் பழக்கியிருக்கிறேன். மூன்று பேர் நகர்ந்தார்கள். கேப்டன் நேவியோ நகரவில்லை. தெரியாமல் நிற்பவனையும் தெரிந்தே நிற்பவனையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். கோல் விழுந்ததும் அவன் பெஞ்சைப் பார்த்தான். என்னை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னை. நீ தலையைக் குனிந்துகொண்டு கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டாய்.

மறுநாள் கிளப் தலைவர் குவாத்ரினி என்னைத் தன் காகித ஆலைக்குக் கூப்பிட்டார். "எத்தோரே, இருபது பேரை வெளியே அனுப்ப முடியாது. ஒருத்தரை அனுப்பலாம்," என்றார். மாலைக்குள் அணி உன் கைக்கு வந்துவிட்டது. ஆறு வருடம் எனக்கு உதவிப் பயிற்சியாளனாக இருந்தவன் நீ. அடுத்த ஞாயிறு அதே பதினோரு பேர் உனக்காக நுரை தள்ள ஓடினார்கள். திங்கட்கிழமை பேப்பர் நேவியோவுக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டிருந்தது. என்னிடம் இருந்தபோது அவன் கடைசியாக வாங்கியது நாலரை.

விதி உனக்கும் தெரியும். ஒரே சீசனில் இரண்டு கிளப்புகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது. ஆகவே ஜூன் வரை நான் எங்கும் போக முடியாது. ஒப்பந்தப்படி இன்னும் உங்கள் ஆள்தான். நீ தோற்றால் குவாத்ரினி புதிய ஆளைத் தேடப் போவதில்லை. இங்கே தொலைபேசி அடிக்கும். அப்போது நானே எடுப்பேன்.

எத்தோரே பிராகாட்சி

*

கஸ்தெல்வார்னோ, 3 டிசம்பர் 1986

அன்புள்ள எத்தோரே,

உன் கடிதத்தை வீட்டில் நார்மாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் ரயிலேறி வந்து உன்னை நாலு சாத்து சாத்தியிருப்பாள், உன் மனைவி லிதியாவையும் சேர்த்து.

ஜிப்பை இழுத்தேன், உண்மைதான். குளிர் என்று சொல்லலாம், சொல்ல மாட்டேன். பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்திருந்தது. தலைவர் கூப்பிட்டு "நீ ஏத்துக்கிறியா?" என்றபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். எத்தோரே, எனக்கு ஐம்பத்திரண்டு வயது. விளையாடிய காலத்தில் மாற்று ஆள். பிறகு உனக்கு இரண்டாவது ஆள். "நீ என்ன நினைக்கிறே?" என்று இந்த ஆறு வருடத்தில் நீ என்னை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. பந்துப் பையைத் தூக்கினேன், கூம்புகளை வரிசையாக வைத்தேன். இது என் ஒரே வாய்ப்பு. இன்னொன்று வராது என்று உனக்கே தெரியும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மேல். செவ்வாய் காலை, நீ தினமும் அவர்களை ஏற்றி நிறுத்திய எடை பார்க்கும் இயந்திரத்தைக் காணோம். எங்கே என்று நான் கேட்கவில்லை. இவானோ வந்தான்.

"சித்தப்பா, இன்னைக்கு என்ன பயிற்சி?"

"உங்களுக்கு என்னடா வேணும்?"

"பந்து வேணும் சித்தப்பா. ரெண்டு வருஷமா கயிறைத்தான் பார்த்தோம். மாடுகூட சாயங்காலம் ஆனா அவுத்து விடுறாங்க."

நேவியோ உன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உன்னைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பேசிக் காட்டினான். "நேவியோ, நீ இருபத்தேழு சென்டிமீட்டர் பின்னாடி நிக்கிறே. ஜியோமெட்ரிகிட்ட மன்னிப்புக் கேளு." எல்லோரும் தரையில் உருண்டார்கள். கணக்கு வாத்தியார் என்றுதான் உன்னைச் சொல்கிறார்கள், தெரிந்திருக்கும். நானும் சிரித்தேன். பயிற்சிக்குப் பிறகு ஒரு கேக் கொண்டு வந்தார்கள். மேலே க்ரீமில் 0–4 என்று எழுதியிருந்தது. கத்தியை என் கையில் கொடுத்தார்கள். வெட்டினேன்.

அதற்குப் பிறகு நான்கு ஆட்டம், மூன்று வெற்றி. வியாழக்கிழமைகளில் மைதானத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டுச் சாப்பிடுகிறோம். நேவியோவின் அப்பா பிரிமோ ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இருமிக்கொண்டே ஒயின் பாட்டிலோடு வந்துவிடுகிறார். நேவியோ பிறந்தபோது பிரிமோ என்னைத்தான் ஞானத்தந்தையாக நிற்கச் சொன்னார். அவன் சொல்லப் பழகிய "சித்தப்பா"வைத்தான் இப்போது அணி மொத்தமும் சொல்கிறது.

கோபம் ஆறியதும் வா. உனக்கு ஒரு சாசேஜ் எடுத்து வைக்கிறேன்.

உன் துயீலியோ

*

மாந்துவா, 19 டிசம்பர் 1986

துயீலியோ,

கேக்கைப் பற்றி நீயே எழுதியதற்கு நன்றி. நேர்மையானவன் என்று உன்னைப் பற்றி நீயே வைத்திருக்கும் எண்ணத்துக்கு அது பொருத்தம்தான்.

உனக்கு ஜனவரி பாதி வரை நேரம் இருக்கிறது. முதலில் இவானோ தாமதமாக வருவான், பத்து நிமிடம், சிரித்துக்கொண்டே. நீயும் சிரிப்பாய். அடுத்த வாரம் மூன்று பேர் தாமதமாக வருவார்கள். யாராவது ஒருவனை நீ ஆட்டத்திலிருந்து நீக்குவாய். அவன் மனைவி நார்மாவிடம் வந்து அழுவாள். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வாய். அதற்குப் பிறகு யாரையும் நீக்க முடியாது. தடுப்பு வரிசை கயிறு இல்லாமல் ஆறு வாரம் வரைக்கும் நினைவில் நிற்கும், பிறகு கலைந்துவிடும். எதிரணிகள் அதைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறுகள் போதும்.

சாசேஜை நீயே சாப்பிடு.

எத்தோரே

*

கஸ்தெல்வார்னோ, 2 பிப்ரவரி 1987

எத்தோரே,

எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். நீ தொலைபேசியை எடுக்கப் போவதில்லை.

ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோல்வி. நேற்று 1–3. நீ டிசம்பரில் எழுதியது அட்சரம் பிசகாமல் நடந்திருக்கிறது. நாட்கள்கூடப் பெரிதாக மாறவில்லை. நீக்கியவனின் மனைவி நார்மாவிடம் வரவில்லை, என்னிடமே வந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

போன புதன் இவானோ பதினொரு மணிக்கு வந்தான். பக்கத்தில் நின்றாலே வாடை.

"எங்கேடா இருந்தே?"

"சித்தப்பா, மச்சான் கல்யாணம். ஒரு நாள்தானே."

"புதன்கிழமை யாருடா கல்யாணம் வைக்கிறான்?"

"அதான் சித்தப்பா, கூட்டமே இல்லை. எல்லா ஒயினையும் நான் ஒருத்தனே குடிக்க வேண்டியதாப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வாய்வரை சிரிப்பு வந்தது, எத்தோரே. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கெட்ட பையன்கள் இல்லை. என்னிடம் அவர்களுக்குப் பிரியம் இருக்கிறது. தோற்ற பிறகு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "விடு சித்தப்பா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு! பேப்பர் எனக்குப் பத்துக்கு நாலு போட்டு, "நல்ல மனிதர்" என்று எழுதியிருக்கிறது. கடைசியிலிருந்து இரண்டாம் இடத்தில் இருக்கிறோம். இப்படியே போனால் மே மாதம் கீழ்ப் பிரிவு. தலைவர் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் தந்திருக்கிறார், பதினைந்தாம் தேதி, சொந்த மைதானம். எட்டாம் தேதி ஆட்டம் இல்லை. ஆக இரண்டு வாரம்.

நேவியோ ஒருவன்தான் உயிரைக் கொடுத்து ஆடுகிறான், அவனுக்கும் மனசு இங்கே இல்லை. பிரிமோவின் நுரையீரல் மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வசந்தம் வரை தாங்குவார் என்கிறார் டாக்டர். பயிற்சி முடிந்ததும் பையன் குளிக்காமல்கூட அங்கே ஓடுகிறான்.

உன்னிடம் கேட்க எனக்கு வெட்கமாக இல்லை. என்ன செய்ய வேண்டும்? நீ எப்படிச் செய்தாய்? ஒன்று விடாமல் சொல்லு. அப்படியே செய்கிறேன்.

துயீலியோ

*

மாந்துவா, 5 பிப்ரவரி 1987

துயீலியோ,

கேட்டாய், சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பயிற்சிக்கு வருகிறவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதே. வாசலில் பேருந்து நிற்கட்டும். மலை மேல் சாந்தா அகத்தா மடத்து விடுதிக்கு நேரே கொண்டு போ, நான் அணியைப் பூட்டி வைத்து அடைப்பு நடத்திய அதே இடத்துக்கு. ஞாயிறு ஆட்டம் வரை யாரும் இறங்கக் கூடாது. துணிமணியை மனைவிமார்கள் பிறகு அனுப்பட்டும். முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அங்கே ஒரே தொலைபேசிதான். சாவி சிஸ்டர் இல்தெகார்தாவிடம் இருக்கட்டும். உன்னிடம் இருந்தால் கொடுத்துவிடுவாய். சீட்டுக்கட்டு, ஒயின், ரேடியோ எதுவும் வேண்டாம். நீ அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடாதே. பெயர் சொல்லிக் கூப்பிடாதே, சட்டை எண்ணைச் சொல்லிக் கூப்பிடு. காலையில் கயிறு, மாலையில் கயிறு. கரும்பலகையில் ஒவ்வொருவனும் எங்கே நிற்க வேண்டும் என்று வரை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்லாதே.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ ஒருவன் வந்து வெளியே போக அனுமதி கேட்பான். எப்போதும் கேட்பார்கள். அவனுடைய காரணம் நல்லதாகவே இருக்கும். நல்ல காரணம் இல்லாதவன் முதலில் வருவதில்லை. மறுத்துவிடு. யார் என்று பார்க்காதே, எதற்கு என்று பார்க்காதே. யாருக்கும் விதிவிலக்கு கிடையாது என்று சொல். அவன் உனக்குப் பிரியமானவனாக இருந்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள் பார்க்கும்படி மறு. அவர்கள் பார்ப்பதுதான் முக்கியம்.

இதைப் படித்து மனதில் ஏற்றிக்கொண்டு எரித்துவிடு. இவர்கள் கையில் கிடைத்தால் உன் சொல் உன் சொல்லாக இருக்காது.

எத்தோரே

*

கஸ்தெல்வார்னோ, 17 பிப்ரவரி 1987

எத்தோரே,

நாளைக் காலை தலைவர் வரச் சொல்லியிருக்கிறார். எதற்கென்று தெரியும். அது ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேவியோ விடுதி நடையில் என்னிடம் வந்தான். மாடிப்படியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சித்தப்பா, ரெண்டு மணி நேரம் குடு. அப்பாவைப் பார்த்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி வந்துடுறேன்."

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சு போ."

"அம்மா ஃபோன் பண்ணியிருக்காங்க, சிஸ்டர் சொன்னாங்க. காலையில இருந்து ஆள் அடையாளம் தெரியலையாம்."

"யாருக்கும் விதிவிலக்கு கிடையாது, நாலாம் நம்பர்."

அவன் சிரித்தான், எத்தோரே. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். "சரி சித்தப்பா, உன் கார் சாவியைக் குடு" என்று கையை நீட்டினான். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் கை அப்படியே நீண்டபடி இருந்தது. படியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நீ சொன்னபடியே பார்த்தார்கள். வசந்தம் வரை என்றார் டாக்டர், இன்னும் நாள் இருக்கிறது, ஞாயிறு போய்விட்டால் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கயிற்றில் வரிசை மறுபடி நேராகத் தொடங்கியிருந்தது. இப்போது விட்டால் எல்லாம் போய்விடும் என்று தோன்றியது.

வெள்ளி விடியும்போது பிரிமோ போய்விட்டார். சிஸ்டர் வந்து கதவைத் தட்டினார். நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். நேவியோ ஏற்கனவே சாலையில் நடந்துகொண்டிருந்தான். பக்கத்தில் காரை ஓட்டிக்கொண்டே, "ஏறுடா, ஏறுடா" என்றேன். ஒன்பது கிலோமீட்டர். அவன் ஏறவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவ்வளவு தூரமும் முதல் கியரிலேயே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனாகவே ஆட வந்தான். நான் அழைக்கவில்லை. 0–5. ஆனால் நவம்பரில் உனக்குச் செய்ததுபோல இல்லை. யாரும் ஷூ நாடாவைக் கட்டவில்லை. நான் சொன்னதை எல்லாம் செய்தார்கள். "இடது பக்கம்" என்று கத்தினேன். இடது பக்கம் போய் நின்றார்கள். பந்து வலது பக்கம் போனது; அங்கேயே நின்றார்கள். பலகையில் நான் வரைந்த புள்ளிகள் மேல் பதினோரு பேரும் நின்று என்னைப் பார்த்தார்கள், அடுத்து என்ன என்று. கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. யாரும் கேலியாக விசில்கூட அடிக்கவில்லை.

நேற்று அடக்கம். நான் கல்லறை வாசலில் நின்றேன். நேவியோ வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தான். எனக்கும் கொடுத்தான். "வந்ததுக்கு நன்றி, மிஸ்டர்," என்றான்.

உன்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எல்லாப் பயிற்சியாளர்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நீ இத்தனை வருடம் இதைச் செய்தாய். எப்படித் தாங்கினாய்? இப்படி யாராவது உன்னிடம் வந்து நின்றதில்லையா? உன் கடிதத்தை நீ சொன்னபடி மடத்து அடுப்பில் எரித்துவிட்டேன். எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டேனா என்று திரும்பப் படிக்கவும் வழியில்லை.

துயீலியோ

*

ஃபானோ, 25 மார்ச் 1987

எத்தோரே,

என் கடைசிக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. இரண்டு நாளில் என் இடத்துக்கு வந்துவிட்டாய், நேரம் இருந்திருக்காது. நாங்கள் இங்கே கடற்கரையில் நார்மாவின் அக்கா வீட்டில் இருக்கிறோம். கஸ்தெல்வார்னோவில் கடைசியாக ஒரு காபி குடிக்கலாம் என்று சதுக்கத்துக் கடைக்குப் போனேன். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுக் கடைக்காரன் முதுகைத் திருப்பிக்கொண்டான். பின்னாலிருந்து யாரோ, "மிஸ்டர், சர்க்கரை போட்டுக்க அனுமதி உண்டா?" என்றார்கள். அந்தக் கடையில் முப்பது வருடமாகக் காபி குடிக்கிறேன்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் மடத்துக்குப் போனேன். என் பையை அங்கேயே விட்டிருந்தேன். சிஸ்டர் இல்தெகார்தா சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. உரித்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கணக்கு வாத்தியார் இப்படிப் பண்ண மாட்டாரே."

"அவர் சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சேன், சிஸ்டர்."

"என்ன சொல்லிக் குடுத்தாரோ. அவர் வந்தா மொத வேலையா இந்தப் பின்கதவுச் சாவியை என்கிட்ட வாங்கிப் பையில போட்டுக்குவார். கோல்கீப்பர் பொண்டாட்டிக்கு வலி வந்தப்போ இந்த வழியா அவனைக் கூட்டிட்டுப் போய், அவரே கார் ஓட்டினார். இன்னொருத்தனுக்குத் தங்கச்சி விபத்து. அவனையும்தான். அப்புறம் சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாடியும், 'ஒழுங்கீனம்! வெளியே அனுப்பிட்டேன்!'னு ஒரே கத்தல். நான் ஜெபமாலையை முகத்துகிட்ட வச்சுக்கிட்டுச் சிரிப்பேன். போனவனும் வாயைத் திறக்க மாட்டான். உங்களுக்குத் தெரியாதா? பக்கத்து அறையிலதானே இருந்தீங்க?"

பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஆறு வருடம். நீ அவர்களைத் துரத்திவிட்டாய் என்றுதான் நானும் நம்பினேன். உன்னைக் கல் மனசுக்காரன் என்று நார்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மறந்துவிட்டாயா? அந்தக் கதவைப் பற்றி எழுத மறந்துவிட்டாயா?

மறந்திருந்தால் நேவியோவுக்கு ஒரு வரி எழுது. "மறுக்கச் சொன்னது நான்" என்று, அவ்வளவு போதும். எனக்கு வேலை வேண்டாம். பேப்பர் என்ன எழுதினாலும் எழுதட்டும். அந்தப் பையன் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும், அது என் சொல் இல்லை என்று. அவனுக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டன. கிளப்பின் பெயரில் வருவதைப் பிரிப்பான்.

துயீலியோ

*

கஸ்தெல்வார்னோ, 6 ஏப்ரல் 1987

நீ பதில் கேட்டாய்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி நான் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தபோது இருபது பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லாமல், தாங்களாகவே. இவானோ, "மிஸ்டர், கயிறு நைஞ்சு போச்சு, புதுசு வாங்கணும்," என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எடை பார்க்கும் இயந்திரம் பழைய இடத்தில் இருந்தது, துடைத்து வைத்திருந்தார்கள். ஆறு ஆட்டத்தில் நான்கு வெற்றி, ஒரு சமன். கீழ்ப் பிரிவுக்கு இறங்கப் போவதில்லை. பேப்பர் என் கண்டிப்பைப் பாராட்டி எழுதுகிறது. நவம்பரில் அதே கண்டிப்பை வைத்துத்தான் என்னைத் திட்டியது.

இவர்கள் மாறவில்லை. என்னிடமிருந்து இவர்கள் எதையும் எதிர்பார்த்ததில்லை, அதனால் நான் எதைக் கொடுத்தாலும் அதிகமாகத் தெரிகிறது. உன்னிடமிருந்து எல்லாவற்றையும் எதிர்பார்த்தார்கள். நீ ஒன்றே ஒன்றை மறுத்தாய். என்னை இரண்டு வருடம் வெறுத்துக்கொண்டே எனக்காக ஆடினார்கள். உன்னை மூன்று மாதம் நேசித்தார்கள், ஒரு மதியத்தில் முடித்துவிட்டார்கள். வெறுக்கிறவனை மன்னிப்பது இவர்களுக்குச் சுலபம். இதை நீ பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே கற்றிருக்கலாம், ஜிப்பைத் தவிர வேறு எதையாவது கவனித்திருந்தால்.

நான் மறக்கவில்லை. கடிதத்தின் முதல் பிரதியில் பின்கதவு இருந்தது. மறுக்கச் சொன்ன வரிக்கு அடுத்து ஒரு முழுப் பத்தி: சாவியை முதல் நாளே வாங்கிக்கொள், எல்லோர் முன்னும் மறு, ஒரு மணி நேரம் கழித்து அவன் அறைக்குப் போ, சமையலறை வழியாக நீயே கூட்டிச் செல், பிறகு மற்றவர்களிடம் பொய் சொல். அந்தப் பொய்தான் இந்தத் தொழில். மற்றது எல்லாம் கயிறு. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். நல்ல பத்தி. பிறகு கேக்கை நினைத்தேன். சுட்டவனை அல்ல, க்ரீமில் எண் போட்டவனையும் அல்ல. அவர்கள் பையன்கள். உனக்கு ஒரு கத்தியை நீட்டினார்கள், நீ வாங்கி வெட்டினாய். துண்டு போட்டு எல்லோருக்கும் கொடுத்திருப்பாய், ஓரத்துத் துண்டை நீ எடுத்துக்கொண்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். புதிய தாளை எடுத்து அந்தப் பத்தியை விட்டுவிட்டுப் பிரதி எடுத்தேன்.

நேவியோதான் முதலில் கேட்பான் என்பதும் தெரியும். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதை நீயே எழுதியிருந்தாய். பிரிமோ அந்த வாரமே போய்விடுவார் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் வசந்தம் வரை என்றதை நானும் நம்பினேன். பையன் உன்னை வெறுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கிடைத்தது நான் கேட்டதைவிட அதிகம். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. வழியிருந்தாலும் கொடுத்திருப்பேனா என்று இந்த ஆறு வாரத்தில் பல தடவை என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் உனக்கு எந்த வகையிலும் உதவாது.

நான் வந்த இரண்டாம் வாரம், பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு நேவியோ பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

"மிஸ்டர், ஒண்ணு கேக்கணும். நீங்க இருந்திருந்தா என்னை அனுப்பியிருப்பீங்களா?"

"அனுப்பியிருப்பேன்."

"எல்லார் முன்னாடியும் மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன். அப்புறம் பின்கதவைத் திறந்திருப்பேன். கோல்கீப்பரைக் கேட்டுப் பாரு."

அவன் தன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டேன். வெறுமனே உண்மையைச் சொன்னேன், துயீலியோ. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவனைப் போல ஆடுகிறவன் இந்தப் பிரிவில் யாரும் இல்லை. எனக்காக ஆடுகிறான்.

அவனுக்கு ஒரு வரி எழுதச் சொல்கிறாய். எழுதினால் இவன் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. இன்னும் ஏழு ஆட்டம் இருக்கிறது.

ஆனால் உனக்கு எழுதாமல் விடவும் முடியவில்லை. நீ கேட்டதை இதில் முழுவதும் சொல்லியிருக்கிறேன். கிளப் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு விரலால் அடித்தேன். இதே மாதிரி இயந்திரம் நார்மாவின் அக்கா வீட்டிலும் இருக்கும், ஊரில் பாதி வீடுகளில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் நேவியோவிடம் காட்டு. அவன் படித்துவிட்டுக் கடைசித் தாளின் அடியில் பெயரைத் தேடுவான். பிறகு உன்னைப் பார்ப்பான். உன் மேல் இருக்கும் பழியைக் கழுவிக்கொள்ள நீயே உட்கார்ந்து அடித்தது என்றுதான் அவனுக்குத் தோன்றும். மிஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை என்று உன்னிடமே சொல்வான்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூடிவிட்டேன். கையெழுத்துப் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.